பெங்களூருக்கு விமானம் எதற்கு?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் வசிக்கிறேன். மருத்துவக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்தின் தென்மண்டல விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். மாதம் ஒருமுறை பெங்களூர், வருடத்தில் ஐந்து முறை டெல்லி தலைமை அலுவலகம், இரண்டு முறை மும்பை. எல்லாமே விமானம்தான். அம்மா தூத்துக்குடியில் தனியாக இருக்கிறார். அவரைப் பார்க்க வருடத்துக்கு இரண்டு முறை போகிறேன், நேரம் போதாமல் அதற்கும் விமானம்தான். பெரியவள் பிரிட்டனில் எம்.எஸ்சி. படிக்கிறாள். அடுத்த ஆண்டு அவளுடைய பட்டமளிப்பு விழா. சின்னவள் பிளஸ் டூ. "கடைக்குத் துணிப்பை எடுத்துட்டுப் போறே, ஸ்ட்ரா வேண்டாம்கிறே, ஆனா மாசாமாசம் ஃபிளைட்ல போறியேம்மா" என்று போன வாரம் கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நான் ஒருத்தி ஏறாவிட்டாலும் அந்த விமானம் பறக்கத்தானே போகிறது? டிக்கெட் எடுக்கும்போது கார்பனை ஈடுசெய்ய என்று ஒரு சிறு தொகை கேட்கிறார்களே, அதைக் கட்டினால் போதாதா? உண்மையிலேயே குறைக்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? மகளின் பட்டமளிப்புக்கே போகக் கூடாதா?

— ஒரு வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பட்டமளிப்புக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். அதை ரத்து செய்வதிலிருந்து தொடங்கினால் இந்த முயற்சி ஒரு மாதம்கூடத் தாங்காது. நிறுவனங்களுக்குக் கார்பன் கணக்கு எழுதுவது என் தொழில். ஊழியர்களின் பயணச் செலவுக் கோப்புகளைப் புரட்டும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அதிகம் பறப்பவர்களின் பட்டியலில் பாதிக்கு மேல் அவர்களே ஆசைப்பட்டுப் போகாத பயணங்களாக இருக்கும். உங்கள் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது.

உங்கள் ஒரு வருடத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். எரிபொருளில் உள்ள கார்பன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்வதால் எடை இப்படிக் கூடுகிறது. சென்னையிலிருந்து டெல்லி போகும் ஏர்பஸ் ஏ320 வகை விமானம் ஒருவழிக்கு ஆறு டன்னுக்குச் சற்றுக் குறைவாக எரிபொருள் எரிக்கும். அதிலிருந்து வருவது 18 டன்னுக்கு மேல். உள்ளே 160 பேர் இருந்தால் தலைக்குச் சுமார் 115 கிலோ, போகவர 230 கிலோ.

பெங்களூருக்கு வான்வழியில் 300 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் விமானம் எரிபொருளை அதிகம் குடிப்பது மேலே ஏறும்போதுதான். பெங்களூர் விமானம் ஏறி முடித்து ஒரு சீராகப் பறக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இறங்க வேண்டியிருக்கிறது. அதனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பார்த்தால் டெல்லி விமானத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. போகவர 75 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு பெங்களூர் பயணங்கள் 900 கிலோ. ஐந்து டெல்லி 1,150. இரண்டு மும்பை 300. தூத்துக்குடிக்குப் பெரும்பாலும் ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானத்தில் போயிருப்பீர்கள், அது கொஞ்சம் சிக்கனமானது, இரண்டு முறைக்கும் சேர்த்து 200. பட்டமளிப்புக்காக லண்டன் போவதையும் சேர்ப்போம், எகானமி வகுப்பில் போகவர ஒரு டன்னைத் தாண்டும், 1,200 என்று போடுகிறேன். ஆகமொத்தம் 3,750 கிலோ. இந்தியர் ஒருவர் சமையல், மின்சாரம், வண்டி, அவர் வாங்கும் சிமென்ட், இரும்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு வெளியிடுவதன் சராசரியே 2 டன் சொச்சம்தான். உங்கள் 3,750இல் அலுவலகத்துக்காகப் பறந்தது மட்டும் 2,350. சின்னவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்த எண்ணில் இருக்கிறது.

இது கார்பன் டை ஆக்சைடு மட்டும். உயரத்தில் பறக்கும் விமானத்துக்குப் பின்னால் வெள்ளைக் கோடு நீளுமே, ஈரமும் குளிரும் மிகுந்த காற்றில் அது கலையாமல் மெல்லிய மேகமாகப் பரவி, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைத் தடுத்துவிடும். இரவில் இதன் பாதிப்பு அதிகம், ஏனென்றால் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் நன்மைகூட அப்போது கிடையாது. 2021இல் வெளியான விரிவான ஆய்வு ஒன்று, விமானத் துறையால் உண்டாகும் வெப்பத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கோடுகளாலும் நைட்ரஜன் ஆக்சைடுகளாலும் வருகிறது என்று மதிப்பிட்டது. ஒவ்வொரு பயணத்துக்கும் இது மாறுபடும் என்பதால் உங்கள் கணக்கில் நான் சேர்க்கவில்லை. உண்மையான பாதிப்பு 3,750க்கு மேல் என்று மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி, நான் ஏறாவிட்டாலும் விமானம் பறக்கத்தானே போகிறது என்ற கேள்வி. நாளைக் காலை விமானம் பறக்கும், மறுக்கவில்லை. ஆனால் விமான நிறுவனங்கள் வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச் இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும், கால அட்டவணையை மாற்றுகின்றன. எந்தத் தடத்தில் எத்தனை இருக்கை நிரம்பியது என்பதை வைத்தே அடுத்த பருவத்துக்கு விமானத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நடக்கிறது. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு டிக்கெட்டும் அங்கே போய்ச் சேரும் ஒரு ஓட்டு. நம் நாட்டில் இதற்கு இன்னும் ஒரு கனம் உண்டு. 2023இல் மட்டும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. வாங்கிய விமானம் இருபது ஆண்டுகளுக்கு மேல் பறக்கும். நம் பயணப் பழக்கம் இப்போது எப்படி உருவாகிறதோ அதை நம்பித்தான் அவை வருகின்றன.

உலகக் கார்பன் வெளியேற்றத்தில் விமானத்தின் பங்கு இரண்டரை சதவீதம்தானே என்று யாராவது சொல்வார்கள். எண் சரிதான். அது சிறிதாக இருப்பதற்குக் காரணம், பெரும்பாலானவர்கள் விமானத்தில் ஏறுவதே இல்லை. 2018இல் உலக மக்களில் 11 சதவீதம் பேர்தான் பறந்தார்கள் என்றும், பயணிகள் விமானங்கள் வெளியிட்டதில் பாதிக்கு ஒரே ஒரு சதவீதம் பேர்தான் காரணம் என்றும் ஓர் ஆய்வு காட்டியது. உங்களையும் என்னையும் போன்ற சிலர் குறைத்தால்தான் இது குறையும். எப்போதாவது ஒருமுறை ஏறும் குடும்பத்திடம் போய்க் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

சரி, எங்கே தொடங்குவது? பெங்களூரில் தொடங்குங்கள்.

சென்னையிலிருந்து ரயிலில் 360 கிலோமீட்டர். தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் 2022 நவம்பரில் இந்தத் தடத்தில்தான் ஓடத் தொடங்கியது. காலை ஆறுக்கு முன் சென்ட்ரலில் ஏறினால் நாலரை மணி நேரத்துக்குள் பெங்களூர். சதாப்தியும் இருக்கிறது, பகலில் பிருந்தாவனும் இருக்கிறது. வேளச்சேரிக்கு மீனம்பாக்கம் பக்கம் என்பது எனக்குத் தெரியும், அதனால் இந்தப் பக்கம் விமானம் வசதியாகத் தோன்றும். சிக்கல் அந்தப் பக்கம். பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் இறங்கி ஊருக்குள் வர 35, 40 கிலோமீட்டர். ஓசூர் சாலைப் பக்கத்து மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் இன்னும் தூரம், காலை நெரிசலில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஒருமணி நேரத்துக்கு முன் விமான நிலையத்துக்குப் போவது, பாதுகாப்புச் சோதனை வரிசை, இறங்கிய பின் டாக்ஸிக்குக் காத்திருப்பது எல்லாவற்றையும் கூட்டினால் வீட்டு வாசலிலிருந்து வாடிக்கையாளர் வாசலுக்கு ஐந்து மணி நேரம். ரயில் உங்களை மெஜஸ்டிக்கில், மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். ஒரே ஒரு பயணத்துக்கு இரண்டு பக்கமும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ரயிலில் நாலு மணி நேரம் மடிக்கணினியைத் திறந்து வைத்து வேலை பார்க்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானப் பயணத்தின் ஐந்து மணி நேரத்தில் அப்படிச் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரிது.

ரயிலின் கார்பனை நான் கொஞ்சம் கூட்டியே மதிப்பிடுகிறேன். நம் அகலப்பாதைகள் அநேகமாக முழுவதும் மின்மயமாகிவிட்டன. ஆனால் அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. ஏசி பெட்டியில் ஆட்களும் குறைவு. எனவே கிலோமீட்டருக்கு 25 கிராம் என்று வைத்தாலும் பெங்களூருக்குப் போகவர 18 கிலோதான் வருகிறது. விமானத்துக்கு 75.

ஒரு எச்சரிக்கை. விமானத்தை விட்டுவிட்டேன் என்று தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காரில் ஒருவழிக்கு 23 லிட்டர் ஆகும். ஒரு லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 50 கிலோவைத் தாண்டிவிடும். விமானத்தில் அதே தூரத்துக்கு உங்கள் பங்கு 37, 38 கிலோ. காரில் நாலு பேர் போனால் கணக்கே வேறு. ரயிலில் இடம் கிடைக்காத நாளில் ஆம்னி பஸ் நல்லது. நிறைய பேர் ஏறுவதால் டீசல் பஸ்ஸிலும் தலைக்குப் பத்து கிலோவுக்குள்தான் வரும்.

டெல்லிக்கு ரயிலில் போங்கள் என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 2,180 கிலோமீட்டரைக் கடக்க ஒரு நாளும் ஒன்பது மணி நேரமும் எடுக்கிறது. விடுமுறைக்குக் குடும்பத்தோடு போக அது அருமையான பயணம், ஒரு நாள் மீட்டிங்குக்கு அதைப் பரிந்துரைப்பது நியாயமில்லை. டெல்லியில் குறைக்க வேண்டியது எண்ணிக்கை. ஐந்து பயணங்களையும் எடுத்துவைத்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் நேரில் இருந்ததால் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். ஆண்டுத் திட்டம் போடும் கூட்டத்துக்கு நேரில் போவதில் அர்த்தம் உண்டு. புதிதாக ஒரு பெரிய மருத்துவமனையோடு ஒப்பந்தம் என்றால் அதற்கும் உண்டு. காலாண்டு விற்பனை எண்களை ஸ்லைடில் காட்டிவிட்டு மறுநாள் திரும்பும் பயணத்துக்கு இல்லை. ஐந்து இரண்டாகும் என்றே நினைக்கிறேன். மும்பை இரண்டில் ஒன்றும் இதே வழியில் போய்விடும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பெங்களூர் முழுக்க ரயில், டெல்லியில் மூன்று குறைவு, மும்பையில் ஒன்று குறைவு, தூத்துக்குடி ரயில். லண்டனைத் தொடாமலே ஒன்றரை டன்னுக்கு மேல் குறைந்துவிட்டது.

இதில் உங்களைவிட உங்கள் அலுவலகத்தின் பயணக் கொள்கையை மாற்றுவதுதான் பெரிய வேலை, பெரிய பலனும் அங்கேதான். பல நிறுவனங்களில் அது கிரேடை வைத்து எழுதப்பட்டிருக்கும். இந்த கிரேடுக்கு மேல் விமானம், அதற்குக் கீழே மூன்றடுக்கு ஏசி. பதவி உயர்ந்தால் விமானம் என்று ஆகிவிடுவதால், ரயிலில் போவது இறங்குமுகம் போலத் தோன்றுகிறது. பயண கிளெய்ம் படிவத்தைப் பாருங்கள். விமான டிக்கெட்டை இணைத்தால் கேள்வியே வராது. இரவு ரயிலில் போய்க் காலை ஆறு மணிக்கு இறங்கிய ஒருவர், குளித்து உடைமாற்ற ஒரு ஹோட்டல் அறையை அரைநாளுக்கு எடுத்து அதன் பில்லை வைத்தால், ஏன் முந்தைய நாள் கணக்கில் அறை என்று அக்கவுன்ட்ஸிலிருந்து திருப்பி அனுப்புவார்கள். அவர் அடுத்த முறை எதில் போவார்?

நீங்கள் மண்டலப் பொறுப்பில் இருப்பவர். டெல்லியில் அனுமதி கேட்கும் முன்பே உங்கள் குழுவுக்குள் சிலவற்றைச் செய்ய முடியும். ரயிலில் ஐந்து மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஊருக்கு ரயில்தான் முதல் தேர்வு, விமானம் வேண்டுமென்றால் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். பிரான்ஸ் 2023இல் சட்டமாகவே கொண்டுவந்தது இந்த வகைதான்: இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய சில உள்நாட்டுத் தடங்களில் விமானத்தை நிறுத்தினார்கள். நமக்கு அப்படிச் சட்டம் இல்லை, ஒரு குழுவின் விதிக்குச் சட்டம் தேவையும் இல்லை. அப்புறம், ரயிலில் வேலை பார்த்த நேரம் வேலை நேரமாகவே கணக்கில் வரட்டும். அதிகாலையில் இறங்குபவருக்கு அறை கொடுங்கள். கிரேடு எதுவானாலும் இரண்டடுக்கு ஏசிக்கு அனுமதி கொடுங்கள், விமானக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் மிச்சம்தான் பிடிக்கும். இரவு ரயிலை மட்டும் யாருக்கும் கட்டாயமாக்காதீர்கள், முக்கியமாகத் தனியாகப் போகும் பெண்களுக்கு. பகல் ரயிலோ விமானமோ அவரவர் தீர்மானிக்கட்டும்.

பயணத் தேதிகளை முன்கூட்டியே முடிவு செய்வதுதான் இதில் கடினமான பகுதி. ரயில்வே முன்பதிவை 2024 நவம்பரிலிருந்து 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டது. வெள்ளி மாலையிலும் ஞாயிறு இரவிலும் இடம் கிடைக்காது, செவ்வாய், புதன் எளிது. பெங்களூர் வாடிக்கையாளர்களிடம் மாதத்தின் இரண்டாவது புதன் என்று நிரந்தரமாக ஒரு நாளைப் பேசி வைத்துவிட்டால் டிக்கெட் கவலை தீரும். தவறினால் முந்தைய நாள் காலை பத்து மணிக்கு ஏசி தத்கால்.

மேலதிகாரியிடம் பேசும்போது எண்களோடு போங்கள். உங்கள் நிறுவனமோ அதன் தாய் நிறுவனமோ பங்குச்சந்தையில் சந்தை மதிப்பின்படி முதல் ஆயிரம் நிறுவனங்களுக்குள் இருந்தால், பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி 2022–23 முதல் ஆண்டுதோறும் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பறிக்கை கொடுக்க வேண்டியிருக்கும். ஊழியர் விமானப் பயணத்தின் கார்பனை அதில் காட்டுவது கட்டாயமில்லை, ஆனால் காட்ட விரும்பும் நிறுவனங்கள் கூடிவருகின்றன. குறைந்த எண்ணைக் காட்ட ஒரு மண்டலம் தயாராக இருக்கிறது என்றால் அந்த அறிக்கையை எழுதுபவர் உங்கள் பக்கம் நிற்பார்.

டிக்கெட் பக்கத்தில் கேட்கும் அந்தச் சிறு தொகை. கட்டுவதும் கட்டாததும் உங்கள் விருப்பம், ஆனால் அதைக் கட்டியதால் பயணத்தின் கார்பன் கழிந்துவிட்டது என்று கணக்கெழுத மாட்டேன். அந்தப் பணம் பெரும்பாலும் மரம் நடும் அல்லது காட்டைக் காக்கும் திட்டங்களுக்குப் போகிறது. மரம் வளர்ந்து கார்பனை இழுக்கப் பல பத்தாண்டுகள் ஆகும், நடுவில் காட்டுத்தீயோ கோடரியோ வரலாம். நீங்கள் வெளியிட்டதோ இன்றே காற்றில் சேர்ந்துவிட்டது, அதில் ஒரு பகுதி நூற்றாண்டுகளுக்கு அங்கேயே இருக்கும். 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், கேஎல்எம் என்ற நெதர்லாந்து விமான நிறுவனத்தின் சுற்றுச்சூழல் விளம்பரங்கள் சில மக்களைத் தவறாக வழிநடத்துவதாகத் தீர்ப்பளித்தது. மரம் நடுவதன் பலனை மிகைப்படுத்தியதும் அதில் அடக்கம். மரம் நட ஆசை என்றால் நன்கொடையாகக் கொடுங்கள், நல்ல காரியம். விமானக் கணக்கோடு அதைக் கோக்க வேண்டாம்.

மாற்று எரிபொருள் வந்துவிடும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. இந்தியாவின் இலக்கு, சர்வதேச விமானங்களில் 2027இல் 1 சதவீதம், 2030இல் 5 சதவீதம் கலப்பது. நல்ல தொடக்கம்தான். மீதி 95 சதவீதம் பழைய எரிபொருள்தான் என்பதால் இந்தப் பத்தாண்டில் அதை நம்பிப் பயணத்தைக் கூட்ட முடியாது.

லண்டன் பயணத்துக்கு வருவோம். அலுவலகப் பயணங்களில் சேர்ந்த பாயிண்ட்டுகள் நிறைய வைத்திருப்பீர்கள். பிசினஸ் வகுப்புக்கு மாற்றிக்கொள்ள ஆசை வரும். அந்த இருக்கை பிடிக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டால் எகானமியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கார்பன் உங்கள் பங்குக்கு வரும். 1,200 கிலோ 3,600 ஆகிவிடும், மேலே சேமித்ததெல்லாம் போய் அதற்கு மேலும் போகும். எகானமியிலேயே போங்கள். சின்னவளையும் அழைத்துப் போவதாக இருந்தால் ஒரு வாரத்தில் திரும்பாதீர்கள். விடுப்பைச் சேர்த்து வைத்து மூன்று வாரம் இருங்கள், மகள் குடியிருக்கும் ஊரை அவளோடு சுற்றுங்கள், அதன்பின் இரண்டு ஆண்டுக்கு மறுபடி போக வேண்டிய அவசியம் இருக்காது. பாரிஸ் பார்க்க ஆசை என்றால் லண்டனிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியே யூரோஸ்டார் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல், அந்தத் தூரத்துக்கு விமானமே தேவையில்லை. நேரடி விமானமா, வளைகுடாவில் மாறிப் போவதா என்றும் கேட்பீர்கள். கூடுதலாக ஒருமுறை மேலேறுவதற்கு எரிபொருள் செலவாகும் என்பதால் நேரடி நல்லது. அமெரிக்கா போன்ற மிக நீண்ட தூரத்தில் அந்த லாபம் குறைந்துவிடும், ஏனென்றால் கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் மணி நேரத்திலிருந்தே சுமக்க வேண்டும்.

அம்மாவிடம் போவது பற்றி ஒரு வார்த்தை. வருடத்தில் இரண்டு முறை என்பது குறைவு, அதைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. முத்துநகர் எக்ஸ்பிரஸில் மாலை எழும்பூரில் ஏறினால் காலையில் தூத்துக்குடி. இரவு தூங்கும் நேரத்தில் பயணம் முடிந்துவிடுவதால், விமானத்துக்காக இழக்கும் அரைநாள் பகல் உங்களுக்கு மிச்சம். வீட்டிலிருந்து வேலை பார்க்க அலுவலகம் விட்டால் திங்கள், செவ்வாயும் அங்கேயே இருங்கள். 45 வயதைத் தாண்டிய பெண்கள் தனியாகப் போனால் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு, முன்பதிவின்போது வயதைச் சரியாகக் கொடுங்கள். அம்மா சென்னைக்கு வருவதானாலும் அதே வசதி. பொங்கலுக்குப் போவதாக இருந்தால் நவம்பர் நடுவிலேயே முன்பதிவு திறந்துவிடும், அதுவும் காலை எட்டு மணிக்குத் திறந்து சில நிமிடங்களில் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போய்விடும். திரும்பி வரும் நாளுக்கான டிக்கெட் அதற்குச் சில நாள் கழித்துத்தான் திறக்கும். இரண்டு தேதிகளையும் தனித்தனியாக இப்போதே போனில் குறித்து வையுங்கள்.